யோகேஸ்வரி கலக்கிய சிவப்பு

பெக்கான் நானாஸ் ஊரில் ராஜசேகரன் வர்க்‌ஷாப்பில் பெயிண்ட் அடித்தால், அடித்த இடம் தெரியாது என்று பெயர். இடிபட்ட கதவை நிமிர்த்திச் சாயம் பூசி மாட்டிவிட்டால், எது பழைய கதவு எது புதிய கதவு என்று வண்டிக்காரனுக்கே குழம்பும். "சேகரு கண்ணு ஆண்டவன் கொடுத்த கண்ணு" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவன் மனைவி யோகேஸ்வரி பின்கட்டில் பெயிண்ட் டின்களைக் கிளறிக்கொண்டிருப்பாள். முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டாள்.

ராஜசேகரனுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க வராது. பிறவியிலேயே அப்படி. கருஞ்சிவப்பு, கரும்பச்சை, காப்பிக் கலர் எல்லாம் அவனுக்கு ஒரே சேற்று நிறம். மற்றபடி அவன் கெட்டிக்காரன்தான். கண்ணை மூடிக்கொண்டு தகரத்தின்மேல் உள்ளங்கையை ஓடவிட்டால், நெல் அளவு பள்ளத்தையும் கண்டுபிடித்துவிடுவான். பெயிண்ட் துப்பாக்கியைப் பிடித்தால் கை நடுங்காது, சொட்டு வழியாது. ஆனால் துப்பாக்கிக்குள் என்ன நிறம் இருக்கிறது என்று யோகேஸ்வரி சொன்னால்தான் உண்டு.

அவள் மூவார்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே நாற்காலி, மேசை செய்யும் தொழிற்சாலையில், மரத்துக்குச் சாயம் ஏற்றும் பிரிவில் இருந்தாள். ஒரே மேசையின் நாலு கால்களும் நாலு மரத்திலிருந்து வரும். நாலும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும். அதுதான் அவள் வேலை. பெண் பார்க்க வந்த ராஜசேகரன் தலையைக் குனிந்தபடியே இருந்தான். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் அப்பா சொன்னபோதுதான் நிமிர்ந்தான். "கலர் சேத்துப் பாக்கிற வேலையா?" என்று ஒரு தடவை கேட்டான். வீட்டுக்குப் போவதற்கு முன்பே சம்மதம் சொல்லிவிட்டான். தன்னைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போய்விட்டது என்று அவளால் வெகுநாள் நினைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. கல்யாணம் முடிந்து மஞ்சள் கயிறு சாயம் போவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் வர்க்‌ஷாப்புக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினான். ஒரு வேனின் கதவுக்குப் பெயிண்ட் அடித்து முடித்திருந்தான். வேன் காப்பிக் கலர். கதவு பாசிப் பச்சை.

"எப்படியிருக்கு?" என்று கேட்டான்.

அவள் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான். அதுவரை அவனுடைய அண்ணன்தான் கலர் பார்த்துக் கொடுத்தாராம். அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்.

"யாருகிட்டயும் சொல்லிறாத யோகேஸ். பெயிண்ட் அடிக்கிறவனுக்குக் கலர் தெரியாதுன்னா ஊரு வாயால சிரிக்காது."

அன்றைக்கு அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. ஒரு ஆண்பிள்ளை தன் குறையைத் தானே வாய்விட்டுச் சொல்லி அவள் பார்த்ததில்லை. அன்று மாலையே கதவைச் சுரண்டிவிட்டு அவளே கலர் கலக்கிக் கொடுத்தாள்.

அதிலிருந்து அவள் அவனுக்குக் கண்ணாக இருந்தாள். வண்டிக்காரர் முன்னால் கலர் பேச்சு வந்தால், "உள்ள பாத்துட்டு வரேண்ணே" என்று அவன் பின்கட்டுக்கு வருவான்; அவள் சொல்வதை வெளியே போய்த் தன் வாயால் சொல்வான். ஒவ்வொரு கலரையும் ஒரு தகரத் துண்டில் அடித்து, வெயிலில் ஒன்று நிழலில் ஒன்று என்று வண்டியோடு பிடித்துப் பார்ப்பாள். யாராவது கேட்டால், வீட்டுக்காரருக்கு ஒத்தாசை என்பாள். மகள் லோஷினி பிறந்து, படித்து, ஜோகூர் பாருவில் வேலைக்கும் போய்விட்டாள். அதற்குள் ராஜசேகரனுக்குத் தன் குறை மறந்தே போயிற்று. ஊர் புகழ்ந்த கண் தன்னுடையது என்று அவனே நம்பத் தொடங்கிவிட்டான். யாராவது அவளைப் பாராட்டினால், "அவளுக்கென்ன தெரியும், நான் சொல்றதைக் கலக்குவா" என்பான். அவள் எதிரிலேயே சொல்வான்.

கமலநாதன் அந்தச் சுற்று வட்டாரத்தில் அன்னாசி லாரிகள் ஓட்டும் பெரிய கை. அவருடைய லாரிகளுக்கெல்லாம் ராஜசேகரன்தான் பெயிண்ட். அவர் தம் பழைய வால்வோவை ஒருநாள் கொண்டுவந்து நிறுத்தினார். கருஞ்சிவப்புக் கார். முதல் லாரி வாங்கிய காலத்தில் வாங்கியது. அதில் ஏறினால்தான் தமக்கு யோகம் என்பது அவர் எண்ணம். மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் என்று முடிவு செய்திருந்தார்.

"என்னாலா இது சேகரு, பாம்பு சட்டை மாரி உரியுது. கல்யாணத்துக்கு முன்னாடி பளபளன்னு ஆக்கிக் கொடு."

அவர் போன பிறகு யோகேஸ்வரி காரைச் சுற்றி வந்தாள். பானெட்டின் மேல்பூச்சு, வெயிலில் வெந்த தோல்போல ஏடு ஏடாக எழும்பியிருந்தது. கூரையில் காய்ந்த குளம்போல வெடிப்புகள். கதவுகளின் கீழ் விளிம்பில் கொப்புளங்கள். ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்தினாள். துருநிறத்தில் தண்ணீர் வந்தது. பானெட்டின் ஓரத்தில் உப்புத்தாளை வைத்து வட்டமாகத் தேய்த்தாள். மேலே கருஞ்சிவப்பு, அதன்கீழே வேறொரு மட்டமான சிவப்பு, அதற்கும் கீழே சாம்பல், கடைசியில் கம்பெனி அடித்த பழைய பெயிண்ட். துணியைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்து அந்த இரண்டாவது சிவப்பின்மேல் அழுத்தித் துடைத்தாள். துணி ரத்தத்தில் தோய்த்ததுபோல ஆகிவிட்டது.

அவள் அந்தத் துணியோடு புருஷனிடம் போனாள்.

"என்னங்க, இதுக்கு மேல அடிச்சா நிக்காது. நடுவுல யாரோ மட்டமான பெயிண்ட அடிச்சிருக்காங்க. இன்னும் தின்னர் பட்டா கரையுது. நம்ம பெயிண்ட்ல இருக்கிற தின்னரு அதுக்குள்ள எறங்கும், வெயில் பட்டதும் கீழேயிருந்து கிளப்பிவிட்டுரும். கதவுல துரு வேற. எல்லாத்தையும் இரும்பு தெரியுற வரைக்கும் சுரண்டணும்."

"சுரண்டினா கல்யாணத்துக்குள்ள முடியுமா?"

"முடியாது. வேற காரு எடுத்துக்கச் சொல்லுங்க."

"கமலநாதன் அண்ணன்கிட்டயா? அவரு லாரி ஒண்ணு விடாம நம்மகிட்ட வருது. முடியாதுன்னு சொன்னா அடுத்த நாளே பொந்தியான் பட்டறைக்கு ஓட்டிக்கிட்டுப் போயிருவாரு."

"முடியாதுன்னு சொல்ல வேணாம். இதுதான் விஷயம்னு காட்டுங்க. இந்தத் துணியக் காட்டுங்க, போதும்."

அவன் துணியைப் பார்த்தான். அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. ஏதோ அழுக்கு என்றுதான் தெரிந்திருக்கும். அதுதான் அவனுக்கு எரிச்சல் மூட்டியது என்று அவள் பிற்பாடு நினைத்துக்கொள்வாள்.

"நீ கலரை மட்டும் பாரு. தொழிலு எனக்குத் தெரியும்" என்றான்.

அவள் ஒன்று செய்தாள். கமலநாதன் அடுத்த முறை காரைப் பார்க்க வந்தபோது, தேநீர் கொடுக்கிற சாக்கில் வெளியே வந்து, "அண்ணே, சுரண்டி அடிச்சாத்தான் நிக்கும், கொஞ்சம் நாள் கொடுங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் தேநீரை வாங்கிக்கொண்டு ராஜசேகரனைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி நம்மள விடப் பெரிய மெக்கானிக்கா இருக்கும் போலிருக்கே." ராஜசேகரனும் சேர்ந்து சிரித்தான்.

எழும்பிய ஏட்டை மட்டும் தேய்த்தெடுத்துக் கொப்புளங்களைப் புட்டிப் பசை வைத்து மூடினான். அவள் சிவப்பைக் கலக்கினாள். நிற்காது என்று தெரிந்தே கலக்கினாலும் அவளால் அரைகுறையாகச் செய்ய முடியவில்லை. பெட்ரோல் மூடிக்குப் பின்னால் வெயில் படாமல் கிடந்த பழைய பெயிண்டை வைத்துப் பிடித்து, கொஞ்சம் கறுப்பு, துளி ஊதா என்று சேர்த்துச் சேர்த்து, கம்பெனிச் சிவப்பையே கொண்டுவந்துவிட்டாள். கார் வெளியே வந்தபோது தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கமலநாதன் பானெட்டில் தம் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு அவர்களும் போயிருந்தார்கள். மண்டப வாசலில் கார் உச்சி வெயிலில் நின்றது. பானெட்டின் நடுவில் அம்மைபோலச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பியிருப்பதை யோகேஸ்வரி தூரத்திலிருந்தே கண்டுவிட்டாள். மாப்பிள்ளை இறங்கினான். படம் எடுப்பவன், பானெட் மேலிருக்கும் மாலை கோணலாக இருக்கிறது, சரி பண்ணுங்கள் என்றான். பூ மாலையை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தோழன் ஒருவன் டேப்பைப் பிடித்து இழுத்தான். டேப்போடு பெயிண்டும் வந்தது. ஒரு சாண் அகலத்துக்கு, வாழை நார் உரிவதுபோல, பானெட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வந்தது. பையன் பயந்துபோய் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "அலமாக்!" என்று யாரோ கத்தினார்கள். பெண் வீட்டார் வாயை மூடிக்கொண்டு சிரித்தது எல்லாருக்கும் தெரிந்தது. மேளக்காரர்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டார்.

ராஜசேகரன் சாப்பிடாமல் கிளம்பினான்.

கல்யாண வீட்டு அலைச்சல் ஓய்ந்ததும் கமலநாதன் காரோடு வந்தார். கூடவே அவருடைய தம்பியும் லாரி டிரைவர்கள் சிலரும். டிரைவர்களில் லெட்சுமணன் என்பவன் பக்கத்துத் தெரு. வீட்டுக்கு வந்து போகிறவன்.

"என் மானத்த நடுத்தெருவுல உரிச்சிட்டியே சேகரு. சம்பந்தி வீட்டுல என்னை என்னான்னு நெனப்பாங்க?"

ராஜசேகரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். இப்போதாவது சொல்வான் என்று யோகேஸ்வரி காத்திருந்தாள். நாள் இல்லை, அவசரப்பட்டுவிட்டோம், மறுபடி சுரண்டி அடித்துத் தருகிறேன் என்று சொன்னால் போதும். கமலநாதன் கத்துவார், போய்விடுவார்.

"அண்ணே, தப்பு நடந்திருச்சு. பெயிண்ட் கலக்கினது இவதான். தின்னர அதிகமா ஊத்திட்டா. பொம்பளைய நம்பி உள்ள விட்டது என் தப்பு."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"நல்ல ஆளுய்யா நீ" என்றார் கமலநாதன். "அன்னைக்கே பாத்தேன், டீ கொடுக்க வந்துட்டு பெரிசா யோசனை சொன்னிச்சு. அடுப்படியில இருக்க வேண்டியதுகள எல்லாம் வர்க்‌ஷாப்புல விட்டா இப்படித்தான்."

டிரைவர்கள் சிரித்தார்கள். ராஜசேகரனும் உதட்டோரம் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் பார்த்திராவிட்டால் ஒருவேளை பொறுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பாள்.

பின்கட்டுச் சுவரில் அவள் அடித்துப் பார்த்த தகரத் துண்டுகள் ஆணியில் தொங்கின. இரண்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஒன்று வால்வோவின் கருஞ்சிவப்பு. இன்னொன்று ஒரு தோட்டத்து டிராக்டருக்கு அடித்த கரும்பச்சை. புருஷன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அண்ணன் காரு கலரு இதுல எதுங்க?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ராஜசேகரனுக்குப் புரிந்தது. அவன் தகரங்களைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்தான். "வேண்டாம் யோகேஸ்" என்று மட்டும் அந்தக் கண் சொன்னது. வேன் கதவு பச்சையாக நின்ற மத்தியானம் அவளைப் பார்த்த அதே பார்வை. கையை இறக்கிவிடலாமா என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது.

"என்னாலா, சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும், சொல்லேன்" என்றார் கமலநாதன்.

ராஜசேகரன் விரலை நீட்டினான். அது பச்சையில் போய் நின்றது.

முதலில் லெட்சுமணன்தான் "அண்ணே..." என்று இழுத்தான். அப்புறம் கமலநாதன் சிரிக்க ஆரம்பித்தார். வந்த கோபமெல்லாம் சிரிப்பாக மாறிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "டேய், கலர் தெரியாதவன்கிட்டயாடா நான் இத்தனை காலமா லாரிய விட்டேன்!" டிரைவர்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். ராஜசேகரன் நீட்டிய விரலை மடக்க மறந்து அப்படியே நின்றான்.

தகரங்களைக் கீழே போட்டுவிட்டு யோகேஸ்வரி பின்கட்டுக்குப் போனாள். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு சின்னச் சந்தோஷம்கூட அவளுக்குள் எழவில்லை.

ஊர் விஷயத்தை மென்று தீர்த்தது. டீக்கடையில் அவன் உட்கார்ந்தால், "அண்ணே, இந்த சிராப் என்ன கலரு?" என்று சிவப்புச் சர்பத் தம்ளரைத் தூக்கிக் காட்டினார்கள். அவன் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினான். சிக்னல் விளக்கில் எப்படி வண்டி ஓட்டுகிறான் என்று ஒருவன் கேட்க, அதற்கு இன்னொருவன் நடித்துக் காட்டினானாம்.

யோகேஸ்வரி எதிர்பார்த்தது வேறு. அப்படியானால் இத்தனை காலமும் கலர் சேர்த்தது யார் என்று ஒருவராவது கேட்பார் என்று நினைத்தாள். ஒருவரும் கேட்கவில்லை. மாறாக, வருடக்கணக்கில் வாயாரப் புகழ்ந்தவர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். "இந்தக் கதவு கொஞ்சம் மங்கலாத் தெரியுதே, அப்பவே நெனச்சேன்" என்றார்கள். "பம்பரு வேற கலரா இருக்கு" என்றார்கள். அவள் வெயிலிலும் நிழலிலும் பிடித்துப் பார்த்துச் சேர்த்த கலர்கள். வேற்றுமை ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கண்ணுக்கு இப்போது தெரிந்தது. புருஷன் கண்ணோடு சேர்த்துத் தன் கையையும் குப்பையில் போட்டுவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வால்வோவைக் கமலநாதன் பொந்தியானில் ஒரு வர்க்‌ஷாப்பில் விட்டார். அவர்கள் இரும்பு தெரியுமட்டும் சுரண்டி, துருவை வெட்டி எடுத்து, நிதானமாக அடித்துக் கொடுத்தார்கள். அவரும் பொறுமையாகக் காத்திருந்து வாங்கிக்கொண்டார். "அவன்தான்யா தொழில்காரன். சுரண்டாம அடிச்சா நிக்காதுன்னு பாத்தவுடனே சொல்லிட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

மழைக்காலம் வருவதற்குள் வர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்கள். லோஷினி வந்திருந்தாள். அப்பா அறைக்குள்ளேயே இருந்தார். சமையலறையில் மகள் அம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?"

"உனக்குத் தெரியாது. அன்னைக்கு அவரு என்ன சொன்னாருன்னு..."

"கேள்விப்பட்டேன். ஆனா அப்பாவுக்குக் கலர் தெரியாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும்மா. ஸ்கூல் படிக்கறப்பவே. செவப்பு ரிப்பன் கேட்டா பச்சை வாங்கிட்டு வருவாரு. நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அதையே கட்டிக்கிட்டுப் போயிருவேன்."

நாலு பேர் முன்னால் அவன் பழியைத் தன்மேல் தள்ளிவிட்டது மகளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை என்பது யோகேஸ்வரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

வீட்டுக்குள் சண்டை நடக்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவன் சாப்பாட்டுக்கு உட்காருவான், எழுவான். தண்ணீர் வேண்டுமென்றால் தானே எடுத்துக்கொள்வான். பொந்தியானில், கமலநாதன் கார் விட்ட அதே வர்க்‌ஷாப்பில், தகரம் தட்டி நிமிர்த்தும் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். அங்கே கலர் பார்க்க வேண்டியதில்லை. அவன் தட்டிய தகரம் கண்ணாடிபோல இருக்கிறது என்று அங்கேயும் நல்ல பெயர் என்று கேள்வி. யோகேஸ்வரி அன்னாசி டின்னில் அடைக்கும் தொழிற்சாலைக்குப் போனாள். தோல் சீவிய பழத்தில் மிச்சமிருக்கும் கண்களைக் கத்தியால் தோண்டி எடுக்கும் வேலை. அன்னாசிச் சாறு பட்டுப் பட்டு விரல் நுனி வெந்துபோயிற்று.

ஒருநாள் வேலை விட்டு வரும்போது லெட்சுமணன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

"அக்கா, அண்ணன் வேலை பாக்கிற பட்டறை மொதலாளி, அந்த பொந்தியான் தவுக்கே, கலர் கலக்க ஆள் தேடிக்கிட்டிருக்காரு. பழைய ஆளு சிங்கப்பூருக்குப் போயிட்டானாம். நான் உங்களைப் பத்திச் சொன்னேன். தவுக்கே உடனே அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டாரு, 'உன் வைஃபுக்குக் கலர் தெரியுமா'ன்னு."

"அவரு என்ன சொன்னாரு?"

லெட்சுமணன் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"'அவளுக்கு ஒண்ணும் தெரியாது தவுக்கே, நான் சொல்றதைக் கலக்குவா'ன்னு சொன்னாருக்கா. தவுக்கேயும் விட்டுட்டாரு. நீங்க நேரா வந்து ஒரு தடவை கலக்கிக் காட்டுங்கக்கா. நான் கூட்டிட்டுப் போறேன்."

போகலாம் என்று முதலில் அவளுக்குத் தோன்றியது. ஒரு டின் பெயிண்டும் ஒரு தகரத் துண்டும் கிடைத்தால் போதும். தவுக்கேவின் வாயை அடைத்துவிடலாம். அந்த நேரம் பட்டறைக்குள் ராஜசேகரன் சுத்தியலோடு நின்றுகொண்டிருப்பான். மறுபடியும் நாலு பேர் பார்ப்பார்கள். மறுபடியும் யாராவது சிரிப்பார்கள்.

"வேணாம் தம்பி" என்றாள். "அவரு சொன்னா சொன்னதாவே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். ராஜசேகரன் இருட்டுவதற்குள் வந்துவிட்டான். தட்டை வைத்தாள். அவன் குனிந்து சாப்பிட்டான். பொந்தியானில் இன்றைக்கு என்ன நடந்தது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சரிக்குச் சரியாகிவிட்டோம், இனி ஒருவருக்கொருவர் செய்துகொள்ள எதுவும் மிச்சமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. வெந்த விரலில் குழம்பு பட்டு எரிந்தது. கையை உதறிவிட்டு அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.